யோசிக்கும் கார்

"மாமா, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி யோசிச்சு யோசிச்சுப் போகுது," என்றார் மாப்பிள்ளை.

"யோசிக்கிறதெல்லாம் மனுஷன் வேலை. பானெட்டைத் திறங்க!" என்றார் மாமனார்.

முப்பது வருட மெக்கானிக் அவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று ஊரே பேசும். ஊர் பேசாவிட்டால் அவரே பேசுவார். கல்யாணமாகிப் போன மகள் இப்போதுதான் முதல்முறையாக வந்திருந்தாள். அதுவும் உடனே கிளம்ப வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் கைவரிசையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

காதைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள போற காத்தை அளக்கிற சென்சார்ல அழுக்கு!" கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பழைய கார் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. மாமனார் மீசையை நீவிக்கொண்டார்.

"டீ குடிச்சிட்டுக் கிளம்பட்டுமே," என்று மாமனாரின் மனைவி எல்லாரையும் உள்ளே அனுப்பினாள்.

டீ குடித்துவிட்டு வந்து கிளப்பினால், எஞ்சின் குலுங்கிக் குலுங்கி நின்றது. சற்றுமுன் அவர் மாட்டிய சென்சாரின் வயர் ப்ளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. சரியாக அழுத்தவில்லையோ? மாப்பிள்ளை பார்ப்பதற்குள் மாட்டிவிட்டு, "ஆக்ஸிலேட்டர் சென்சாரும் வீக்கு. மாத்திடறேன்," என்று சமாளித்தார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, நன்றாயிருந்த சென்சாரைக் கழற்றி, பட்டறையிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்தினார்.

"இவ்வளவு நேரம் ஆச்சு, சாப்பிட்டே போகட்டும்," என்றாள் மனைவி.

சாப்பிட்டு வந்தால், எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இந்த முறை புது சென்சாரின் ப்ளக் தொங்கியது. மாட்டிவிட்டுக் கை கழுவ உள்ளே போனார். திரும்பி வந்து சாவியைத் திருகினால் வண்டி கிளம்பவே இல்லை. எங்கே தேடியும் காரணம் பிடிபடவில்லை.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "சர்வீஸ் சென்டர்ல சொல்லிடலாமா மாமா? நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போவாங்க."

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. "உங்க இஷ்டம் மாப்பிள்ளை," என்று முனகிவிட்டுச் சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"கை மறந்துபோச்சுடி. மாட்டின ப்ளக்கே நிக்க மாட்டேங்குது. நாளையிலிருந்து பட்டறையைத் திறக்கப் போறதில்லை."

மனைவி அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் அசல் மெக்கானிக்கின் கர்வம்.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலை, பொண்ணு இன்னிக்கு ஒரு நாளாவது தங்கட்டுமேன்னு ஒவ்வொரு ப்ளக்கா நான்தான் பிடுங்கினேன், கடைசியா பிடுங்கினதை உங்களாலயே கண்டுபிடிக்க முடியலைன்னா, தினமும் சாப்பிடும்போது நீங்க நடத்தின எஞ்சின் பாடத்தை நான் எவ்வளவு நல்லாப் படிச்சிருக்கேன் பாருங்க!"