மூன்றாம் மாடியில் அமினோ அண்ணன்

இதில் சில விவரங்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தப் பொடி பச்சையா மஞ்சளா என்று கேட்டால் விழிப்பேன். கூட்டம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாம் மாடிக் கூடத்துக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊரே படியேறியது. லிஃப்டில் 'பழுது' என்று பலகை தொங்கியது.

'அமினோ அண்ணன்' என்றால் அப்போது அவ்வளவு மவுசு. முன்பு உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கக் கற்றுக்கொடுத்தவர். இப்போது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, அமினோ அமிலப் பொடியால் இதயக் குழாய் அடைப்பை எடுக்கிறார். தண்ணீர்க் குழாய் அடைத்தால்கூட ஆள் நேரில் வந்து பார்ப்பான். இவர் மேடையில் நின்றபடியே எடுத்துவிடுவார்.

முறை எளிது. படியேறி வந்தவர்களுக்கு நெஞ்சு இறுக்கும். உட்காரவைத்துக் குவளையைக் கொடுப்பார். சற்று நேரத்தில் வலி போய்விடும். உடனே கைதட்டல்.

எங்கள் தெருவில் இதய நோயுள்ள தையற்காரர் ஒருவர் இருந்தார். அவரும் இதில் மயங்கினார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை ஓரங்கட்டிவிட்டுப் பொடிக்கு மாறினார். அவர் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. டாக்டரிடம் ஓடினாள்.

"இந்த அமினோ அமிலத்தைப் பத்தி ஆராய்ச்சி நடந்திருக்கு, அம்மா. எல்லாம் சின்னச் சின்னது. ஒன்னு சொல்றதை இன்னொன்னு சொல்லல. மாத்திரையை நிறுத்தலாம்னு எதுவுமே சொல்லல. நிறுத்தினா உயிருக்கே ஆபத்து," என்றார் அவர்.

வீட்டில் சொன்னால் தையற்காரர் கேட்பாரா?

"குடிச்சா வலி போகுதே, உனக்கென்ன தெரியும்?"

"நேத்து நம்ம வீட்டுப் படியில உட்கார்ந்தீங்க, வலி போச்சு. அங்க யாரு பொடி குடுத்தா?"

"அது முந்தாநாள் குடிச்சதோட மிச்சம்டி."

அடுத்த கூட்டத்துக்கு அவளும் போனாள். எல்லோரும் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு குவளை வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். இது உள்ள போய் என்னதான் பண்ணுது? விவரமாச் சொல்லுங்க, கேட்டுட்டுக் குடிக்கிறோம்."

அண்ணனுக்கு மைக் கிடைத்தால் பசி தெரியாது. இதயம், ரத்தம், விண்வெளி வீரர்கள், சிங்கத்தின் தொடை என்று சுற்றிக்கொண்டே போனார். முன்வரிசையில் இருவர் குறட்டை விட்டார்கள்.

"சரிண்ணே. இன்னும் நெஞ்சு வலிக்கிறவங்க கை தூக்குங்க," என்றாள்.

ஒரு கையும் எழவில்லை.

"இன்னும் ஒருத்தரும் குடிக்கலையே. அப்ப உட்கார்ந்ததுல போன வலிக்குப் பொடி எதுக்கு?"

தையற்காரர் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த நிறைந்த குவளையைப் பார்த்தார்.

"வாசனையே வேலை செய்யும்மா," என்றார் அண்ணன்.

"அப்ப டப்பாவைத் திறந்து ஜன்னல்ல வெச்சிடுங்க தம்பி. தெருவே பிழைச்சுப் போகட்டும்," என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர்.

சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் 'பழுது' பலகை தொங்கிய லிஃப்டுக்குள் நுழைந்து, ஜோராகக் கீழே இறங்கிவிட்டார்.

தையற்காரர் அன்றே மாத்திரைக்குத் திரும்பினார். இன்னும் தைக்கிறார். பின்வரிசைப் பெரியவர் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். குறட்டை விட்டவர்களில் ஒருவர், நடந்தது எதுவும் தெரியாமல், பொடியை மட்டும் நம்பியிருந்தார். அவர் இப்போது இல்லை. அண்ணன் வேறு ஊரில் மூட்டுவலிக்குப் பொடி விற்கிறார். நல்ல கூட்டமாம். கேள்வி கேட்க அங்கே இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லையாம். உட்கார்ந்தே இருந்தால் படியேறிய வலி போகும், ஏமாற்றுக்காரன் போகமாட்டான்.