மருந்து தின்னும் பற்றீரியாவும் மஞ்சள் பாதியும்

உயிலங்குளம்.

கெட்டிக்கார மருமகள் பிரேமினிக்கு,

மாமா யோகராசா எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமியும் வயலும் சுகம். அங்கு நீயும் உன் சோதனைக்குழாய்களும் சுகமாயிருக்கக் கேதீஸ்வரநாதர் துணை.

இது இப்படித்தான் முடியுமென்று நான் அப்போதே சொன்னவன். மண்ணுக்கும் வாய் இருக்கிறது, போடுவதைத் தின்னும் என்றேன், ஒருவரும் எழுதிவைக்கவில்லை. நெல்லுக்கு அடித்த களைநாசினி மண்ணில் தங்கி, போன வருடம் மாமியின் பயறு முளைத்த கையோடு கருகியதும், அவள் என்னோடு கதைக்காமல் விட்டதும் உனக்குத் தெரியும். நான் வருடக்கணக்காக மருந்து தெளிக்கும் தாங்கியைக் கழுவி ஊற்றிய மூலையில்தானே நீ மண் அள்ளி, அதிலிருந்த பற்றீரியாவைப் பெருக்கிப் போத்தலில் கொண்டுவந்தாய்? ஆக, அவை நான் ஊட்டி வளர்த்த பிள்ளைகள். வேறு சாப்பாடு இல்லாமல் மருந்தையே தின்னப் பழகினவை. அவற்றின் நொதியம் மருந்தைத் துண்டு துண்டாக வெட்டுமாமே! கண்ணுக்கே தெரியாத சீவன் தன் கத்தியைத் தன் உடம்புக்குள்ளேயே செய்துகொள்கிறது. நான் மண்வெட்டிக்குப் பிடி போடவே ஒரு கிழமை எடுக்கிறேன்.

நீ சொன்னபடி மாமியின் இந்த வருடப் பயற்றங்காணியில் பாதிக்குப் போத்தலை ஊற்றி, பாதியைச் சும்மா விட்டேன். சும்மா விட்டது வாடினால்தானே இது பற்றீரியாவின் வேலை என்று பேராசிரியர் நம்பி உன்னைப் பாஸாக்குவார்? வெள்ளிக்கிழமை அவர் முன்னால் தைரியமாகச் சொல்: ஊற்றிய பாதி பச்சைப் பசேல், ஊற்றாத பாதி செங்கமாரி பிடித்த மஞ்சள். திருக்கேதீஸ்வரம் போகிற பஸ்ஸை நிறுத்திச் சனம் இறங்கிப் பார்த்தது. பக்கத்து வயல் பரமநாதன் கண் கலங்கி, உனக்குச் சிலை வைக்கவேண்டும் என்றான். பக்கத்தில் எனக்கும் சின்னதாக ஒன்று போதும் என்றேன்.

உன் படிப்பும் பற்றீரியாவும் ஒன்றுபோலப் பெருகட்டும்.

இப்படிக்கு,
விஞ்ஞானத்துக்கு மண் கொடுத்த மாமா
யோகராசா

பி.கு.: இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றதைப் பேராசிரியரிடம் காட்டு. மஞ்சள் பாதி என்று ஒன்று இல்லை. போத்தலோடு நின்ற என்னை மாமி பிடித்துவிட்டாள். "ஒரே பந்தியில இருத்திப்போட்டு ஒருத்தனுக்குச் சோறும் மற்றவனுக்கு வெறும் இலையுமோ? ரெண்டுக்கும் ஊத்துங்கோ." ஊற்றினேன். முழுக்காணியும் பச்சை, மாமியும் கதைக்கிறாள். பரமநாதன் உண்மையில் சொன்னது, மருந்தை மழை கழுவியிருக்கும் என்று. பேராசிரியர் நேரில் வருவதென்றால் முன்கூட்டியே சொல். பாதியை மஞ்சளாக்க மருந்து கைவசம் இருக்கிறது; மாமியைத்தான் எங்கேயாவது அனுப்பவேண்டும்.