நான் விசில் ஊதினேன், ரயில் கிளம்பிவிட்டது

இருபத்துநாலு வயது இளைஞனின் கையில் விசிலைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஊதுவான். ஊதாமல் வைத்திருக்கும் பக்குவம் அந்த வயதில் பொதுவாக இருக்காது. எனக்குச் சுத்தமாக இல்லை.

அப்போது நான் யாங்கோனில், லத்தா வட்டாரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பட்டனும் ஜிப்பும் விற்றுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெரிய மனிதன்: எங்கள் கோயில் இளைஞர் குழுவின் செயலாளர். அந்தப் பதவியின் மிதப்பில்தான் சைக்கிள் பயணத்தை அறிவித்தேன். பகோ ஊரைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து அடுத்த பெரிய ஸ்டேஷன் வரைக்கும் பழைய ரயில் பாதை ஒன்று வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். ஜப்பான் சண்டைக் காலத்திலேயே தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது செம்மண் மேடு மட்டும். லாரி இல்லை, பஸ் இல்லை. சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், அந்த மேட்டில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்புவது என்று திட்டம்.

பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். அதில் ஸ்டெல்லாவும் ஒருத்தி. (உண்மையைச் சொன்னால், ஸ்டெல்லா வருகிறாளா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றவர்களையே சேர்த்தேன்.) ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஸ்டெல்லாவின் அப்பாவும் ஒருவர். சவரிநாதன், எங்கள் பாடற்குழுத் தலைவர். பர்மாவில் வாத்தியாரைச் 'சயா' என்பார்கள். அவரை ஊரே 'சயா' என்றுதான் கூப்பிட்டது. பாட்டில் ஒருவன் அரைத் தாளம் பிந்தினாலும் கையில் இருக்கும் குச்சி அவன் பக்கம் திரும்பும். அந்தக் குச்சி எப்போதும் என் பக்கமே திரும்பியிருந்தது.

சைக்கிள்கள் எல்லாம் வண்டியின் கடைசியில் கார்டு பெட்டியில். காவலுக்கு நான். மற்றவர்கள் எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில். புறப்படும்முன் பிளாட்பாரத்தில் நின்று கட்டளை போட்டேன்.

"அந்த ஸ்டேஷன்ல பேர்ப்பலகை கெடையாது. யாரும் குழம்பக் கூடாது. நான் சைக்கிளை எல்லாம் இறக்கிட்டு விசில் ஊதுவேன். விசில் கேக்காம ஒருத்தரும் இறங்கக் கூடாது. வெளங்குதா?"

"நீ ஊத மறந்துட்டா?" என்றார் சயா.

"நான் மறப்பேனா சயா?"

மறக்கவில்லை. அதுதான் வினை.

அந்தச் சின்ன ஸ்டேஷனில் எதிர் வண்டிக்கு வழிவிட எங்கள் ரயில் நெடுநேரம் நின்றது. கார்டு இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். இரண்டு மீன் வியாபாரிகளின் உதவியோடு சைக்கிள்களை ஒவ்வொன்றாக இறக்கி, வரிசையாகச் சாய்த்து வைத்தேன். ஸ்டெல்லாவின் கூடை வைத்த சைக்கிளை மட்டும் கைக்குட்டையால் துடைத்தேன். இதற்குள் எதிர் வண்டி போய்விட்டது. சிக்னலும் விழுந்துவிட்டது. எங்கள் ரயில் கிளம்ப ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி: கார்டின் விசில்.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நீளமாக ஊதினேன்.

எஞ்சின் பதிலுக்குக் கூவியது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. (ரயில்வே ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று ஒரு பாராட்டுகூட மனதில் ஓடியது.) பிறகு டீக்கடையிலிருந்து கார்டு பாய்ந்து வந்தார். பச்சைக் கொடி கக்கத்தில், வாயில் பாதி கடித்த பலகாரம். ஓடிக்கொண்டே என் வம்சத்தைப் பற்றிப் பர்மியில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறினார். முன்னால் போன பெட்டியின் ஜன்னல்களில் என் நண்பர்களின் தலைகள். ஒரு தலை ஸ்டெல்லாவுடையது. அவள் வாய் திறந்திருந்தது. சிரிக்கிறாளா அலறுகிறாளா என்று தெரிவதற்குள் வளைவில் மறைந்துவிட்டாள்.

பிளாட்பாரத்தில் பன்னிரண்டு சைக்கிளும் நானும். தூரத்தில், பிளாட்பாரத்தின் மறுகோடியில், ஒருவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துகொண்டிருந்தார். என்மேல் நம்பிக்கை இல்லாததால் முன்கூட்டியே வாசற்படியில் நின்று, ரயில் நகர்ந்ததும் குதித்த ஒரே ஆள். சயா.

அவர் என்னை நோக்கி நடந்து வந்த நேரத்தில் நான் என் ஆயுளில் தெரிந்த எல்லா ஜெபங்களையும் சொல்லி முடித்துவிட்டேன்.

"அந்தோணி."

"சயா."

"ஆளை விட்டுட்டு சாமானை இறக்கிட்டியேடா!"

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்த பிறகு, ரயில்வே போனில் அடுத்த பெரிய ஸ்டேஷனைக் கூப்பிட்டார். (கைபேசி என்பது அப்போது எங்களுக்குப் பணக்காரர் வீட்டு வதந்தி.) அங்கே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நம்மவர்கள் பழைய பாதை வழியாகவே எங்களை நோக்கி நடந்து வருகிறார்கள் என்று பதில் வந்தது. நாங்கள் இந்த முனையிலிருந்து சைக்கிள்களோடு போகவேண்டும்.

வைக்கோல் இறக்கிவிட்டுச் சும்மா நின்ற இரண்டு மாட்டுவண்டிகளைச் சயா பேசிப் பிடித்தார். பத்து சைக்கிள்களை அவற்றில் அடுக்கிக் கட்டினோம். எங்கள் இரண்டையும் நாங்களே ஓட்டினோம். முதல் கொஞ்ச தூரம் சயா எனக்குச் சற்றுப் பின்னால் மிதித்து வந்தார். அவருடைய பழைய இங்கிலீஷ் சைக்கிளின் கிறீச் சத்தமே என்னைத் திட்டுவதுபோல் இருந்தது.

ஆனால் அந்தப் பாதை! மார்கழிக் குளிர், அறுப்பு முடிந்த வயல், இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பொன்னிறம். மேடு கத்தியால் வெட்டியதுபோல் சமமாக ஓடியது. முதுகுப் பக்கமிருந்து காற்று தள்ளியது. பெடலை மிதிக்காமலே சைக்கிள் பறந்தது. கொக்குக் கூட்டம் ஒன்று மொத்தமாக எழுந்து எங்கள் தலைக்கு மேலே திரும்பியது. எனக்கு வந்த கஷ்டம் மறந்து போய் 'ஹோ' என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் பக்கத்தில் யார் என்று ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். சயா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா பாக்குறே? முடிஞ்சா பிடிடா!"

என்னைத் தாண்டிப் போய்விட்டார். பெல்லை விடாமல் அடித்துக்கொண்டு, கோயிலில் நாங்கள் மூச்சுமுட்டி மெதுவாகப் பாடவேண்டிய பாட்டை நாலு மடங்கு வேகத்தில் பாடிக்கொண்டு போனார். தாளம் சுத்தமாக இல்லை. நான் குச்சியைத் திருப்பவில்லை.

ஒரு ஓடைக்கு முன்னால் வண்டிகளுக்காகக் காத்து நின்றோம். ரயில் பாலம் இருந்த இடத்தில் தூண்கள் மட்டும். ஊர்க்காரர்கள் போட்ட மூங்கில் பாலம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வண்டிகள் வந்து சேர்ந்த அதே நேரம் அக்கரையில் தலைகள் தெரிந்தன. ஸ்டெல்லாதான் முதலில். செருப்பு கையில், கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து வேர்வையில் கோடு கோடாய்.

"அப்பா! என் சைக்கிள் பத்திரமா?"

எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த மகிழ்ச்சியைத் தெரிவிக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்க, விசிலை எடுத்து ஊதினேன்.

மாடுகள் அதற்கு முன் விசில் கேட்டதில்லை போலிருக்கிறது.

முன்வண்டி மேட்டிலிருந்து சரிந்து வயலுக்குள் பாய்ந்தது. பின்வண்டி அதைத் தொடர்ந்தது. வண்டிக்காரர்கள் இருவரும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். கயிறு அவிழ்ந்து, ஒவ்வொரு சைக்கிளாக அறுத்த நெல்தாளில் விழுந்தது. மூங்கில் பாலத்தைக் கடந்து வந்த என் நண்பர்கள் அப்படியே வயலில் இறங்கி, தத்தம் சைக்கிளைப் பொறுக்கக் கிளம்பினார்கள். குதூகலத்துக்குக் குறைவில்லை. கோழி பிடிப்பதுபோல் ஒரே ஆரவாரம்.

சயா என்னிடம் கையை நீட்டினார். விசிலைக் கொடுத்தேன். அதை ஓடையின் நடுவில் எறிந்தார். நல்ல எறி.

வண்டிக்காரர்கள் ஒருவழியாக மாடுகளைப் பிடித்தார்கள். அதிசயமாக எல்லாச் சைக்கிள்களும் தப்பின; என்னுடையதைத் தவிர. மேட்டோரம் படுக்க வைத்திருந்த அதன்மேல் முன்வண்டியின் சக்கரம் ஏறியிருந்தது. முன்சக்கரம் அப்பளம் போல நெளிந்துவிட்டது. ஆகவே, இந்த மகத்தான பயணத்தை ஏற்பாடு செய்த செயலாளர், அந்தச் சின்ன ஸ்டேஷன் வரை மாட்டுவண்டியில், நெளிந்த சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வைக்கோல் துரும்புகளின் நடுவே உட்கார்ந்து திரும்பினார். சயாவோடு மற்றவர்கள் காற்றை எதிர்த்து, பாடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பந்தயம் விட்டுக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லா மட்டும் வண்டியை ஒட்டி மெதுவாக ஓட்டி வந்தாள்.

"நீங்க முன்னால போங்க. உங்களுக்கு ஜாலியா இருக்கும்" என்றேன்.

"எனக்கு இதுதான் ஜாலி" என்றாள். கொஞ்ச தூரம் போய், "எங்கப்பா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அடுத்த தடவை எங்க போறோம்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வண்டி பள்ளத்தில் இறங்கியதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதனால் பதிலை அடுத்த ஆண்டு, நாக்கு ஆறிய பிறகு, அவள் வீட்டில் வைத்துச் சொன்னேன். சயா குறுக்கே நிற்கவில்லை.

எங்கள் முதல் பெண் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று, டாக்சியில் பிளாஸ்க், பாய், வாளி, துணி மூட்டை எல்லாவற்றையும் நானே ஓடி ஓடி ஏற்றினேன். கதவைச் சாத்தப் போகும்போது சயா தலையை உள்ளே நீட்டினார்.

"மாப்பிள்ளே, சாமான் எல்லாம் ஏறிடிச்சு. புள்ள ஏறிடிச்சா பாரு."

நர்ஸ்கூடச் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த வண்டியிலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஏறுவதில்லை. இன்று அந்தப் பெண் பர்மியில்தான் சரளமாகப் பேசுவாள். தமிழில் தடுமாறாமல் முழுதாகச் சொல்ல வரும் ஒரே வாக்கியம் "ஆளு ஏறிடிச்சா பாரு" என்பதுதான். பஸ் ஸ்டாப்பில், முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே, என் முகத்தைப் பார்த்துச் சொல்வாள்.

நானும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.