ஐம்பது கிராம் கேக்கும் ஒரு யோக்கியமான தராசும்

தராசு ரிப்பேர்காரர் தம் இருபத்திரண்டு வருட சர்வீஸில் முதல் தடவையாக ஒரு தராசைக் கெடுப்பதென்று முடிவு செய்தார். அதுவும் சொந்த வீட்டுத் தராசை.

காரணம், கேக். மனைவி சுடும் கேக்குக்காக அவர் சொத்தையே எழுதி வைப்பார்; சொத்து இல்லாததால் தப்பித்தார். பெல்ட்டின் கடைசி ஓட்டையும் போதாமல் போன அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சாயங்காலம் ஐம்பது கிராம் கேக். அதுக்கு மேல ஒரு துணுக்கு கூடாது."

வேறு வீடாக இருந்தால் 'ஒரு துண்டு' என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இவர் வீட்டுச் சமையலறையிலோ, கல்யாணமான புதிதில் இவரே ஆசையாகச் செய்து கொடுத்த பித்தளைத் தராசு தொங்குகிறது. இடது தட்டில் ஐம்பது கிராம் கல், வலது தட்டில் கேக். முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் மனைவி கேக்கிலிருந்து ஒரு திராட்சையைக் கிள்ளி எடுத்துவிடுவாள். திராட்சையோடு இவர் உயிரும் கொஞ்சம் போகும்.

"ஏம்மா, தட்டுச் சங்கிலியில ஒரு கண்ணி விட்டுப்போச்சே, நூல் கட்டி வெச்சிருக்கியே. கடைக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணிட்டு வரேன்."

"மூணு மாசமா தொண்டை வத்தக் கத்தினேன். அப்பல்லாம் காது கேக்கல. இன்னிக்கு என்ன ஞானோதயம்?"

"உனக்காகத்தான்."

"எனக்காகவா?" மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, கொண்டு போங்க."

கடையில் சங்கிலியை உண்மையாகவே சரி செய்தார். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதற்குப் பிறகு, வலது தட்டு தொங்கும் கொக்கியைத் தராசுத் தண்டின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பொருத்தினார். அந்தப் பக்கத்துக் கை குட்டையாகிவிட்டால் அதில் வைக்கும் பொருள் கூடுதலாக இருந்தால்தான் முள் நடுவில் நிற்கும். வெறும் தட்டுகள் சமமாக நிற்பதற்காக, வலது தட்டின் அடியில் யாருக்கும் தெரியாமல் ஓர் ஈயப் பொட்டு. அளந்து பார்த்தார். ஐம்பதுக்கு ஐம்பத்தைந்து! இந்த மாதிரித் தில்லுமுல்லுகளைக் கண்டுபிடித்தே பிழைப்பு நடத்தியவர் அவர். வேலியே பயிரை மேய ஆரம்பித்தது.

முதல் நாள் மனைவி வெறும் தராசைத் தூக்கிப் பார்த்தாள். முள் சாது மாதிரி நடுவில் நின்றது. கேக் வந்தது. ஓரத்தில் இரண்டு திராட்சை கூடுதல். மறுநாளும் அப்படியே. அவர் பாட்டுக்கூடப் பாடினார்.

மூன்றாம் நாள் தட்டில் வந்த துண்டு இளைத்திருந்தது. எட்டிப் பார்த்தார். கல் வலது தட்டில் இருந்தது.

"ஏம்மா, கல்லை ஏன் அந்தப் பக்கம் வெச்சே?"

"எந்தப் பக்கம் வெச்சா என்னங்க? நீங்கதானே சாப்பிடும்போதெல்லாம் பாடம் எடுப்பீங்க? 'வெறும் தட்டு சமமா நின்னா போதாது. கல்லையும் பொருளையும் இடம் மாத்திப் போடணும். அப்பவும் முள் அசையலேன்னாதான் தராசு யோக்கியம்'னு."

"நீ அதையெல்லாம் கேட்டுட்டா இருந்தே?"

"இருபத்திரண்டு வருஷமா வேற என்னத்தைக் கேட்டேன்? ஏன், இது யோக்கியமான தராசுதானே?"

"யோக்கியம்... யோக்கியம்தான்."

"அப்ப சாப்பிடுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். ஐம்பத்தைந்து போய், ஐம்பதும் போய், நாற்பத்தைந்தில் வந்து நின்றது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"சங்கிலியை இன்னொரு தடவை பார்க்கணும் போல இருக்கு..."

"வேண்டவே வேண்டாம். நீங்க பண்ணின ரிப்பேர் அவ்வளவு நல்லா இருக்கு. கை வைக்காதீங்க."

கல் வலது தட்டை விட்டு நகரவேயில்லை. ஒரு மாதம் ஓடியது. டாக்டரிடம் போனார்கள். அவர் எடை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே! பிரமாதம். ஐம்பது கிராம் கேக் நல்லா வேலை செய்யுது."

தொழில்காரரின் ரத்தம் கொதித்தது. எடை தப்பாகச் சொல்வதை எப்படிப் பொறுப்பது?

"ஐம்பது எங்கே டாக்டர்? நாற்பத்தஞ்சு! ஒரு மாசமா வெறும் நாற்பத்தஞ்சு!"

"அப்படியா? எப்படிக் குறைஞ்சது?"

ரிப்பேர்காரர் விட்டத்தைப் பார்த்தார். மனைவி பரிவோடு முழங்கையால் இடித்தாள். "சொல்லுங்க. டாக்டர் கேக்கறாரில்ல?"

கொக்கி, ஈயப் பொட்டு, எல்லாம் வெளியே வந்தது. டாக்டர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு சீட்டில் ஏதோ கிறுக்கி நீட்டினார்.

வழியில் இவர் மெதுவாகக் கேட்டார். "உனக்கு எப்பத்தான் சந்தேகம் வந்துச்சு?"

"மூணு மாசமா சொல்லியும் தொடாத தராசை, நீங்களா வந்து கேட்டீங்களே, அப்பவே."

"அப்புறம் ஏன் ரெண்டு நாள் விட்டே?"

"அதுவா... நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே சாப்பிட்டீங்க. பாக்க நல்லா இருந்துச்சு. ஆனா எனக்குச் சண்டை போட நீங்க இன்னும் முப்பது வருஷம் வேணும்ங்க."

வீட்டுக்கு வந்ததும் தராசை இறக்கினார். கொக்கியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார், ஈயத்தைச் சுரண்டினார். கல்லையும் பொருளையும் இடம் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். முள் அசையவில்லை. 'இனி சத்தியமாக ஐம்பது' என்று நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மனைவி ஐம்பது கிராம் கல்லை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"என்னம்மா இது?"

"டாக்டர் சீட்டைப் படிக்கலையா? 'நாற்பத்தைந்தே தொடரவும்'."

இருபது கிராம் கல், இன்னொரு இருபது, ஓர் ஐந்து. முள் கச்சிதமாக நடுவில் நின்றது; ரிப்பேரில் ஒரு குறை சொல்ல முடியாது.