லைன்ல கோளாறு

தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லும் நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது. இருந்திருந்தால் ஆரணியில் ஒரு நல்ல மனிதர் இத்தனை வருடம் பழி சுமந்திருக்க மாட்டார்.

ஊருக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. எனக்குப் பார்த்த பெண்ணின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கிரிக்கெட் ஃபைனல் முடிந்ததும் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. பெண்ணின் அப்பா ஏகாம்பரம் நாற்பது வருடமாகப் பட்டு நெய்கிறவர், கிரிக்கெட் பைத்தியம். காலையிலிருந்து கேபிள் வரவில்லை.

"தம்பி கம்ப்யூட்டர் கம்பெனிதானே? எதுனா பண்ண முடியுமா?"

"அஞ்சே நிமிஷம் மாமா" என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?)

என் லேப்டாப்பில் ஒரு மீடியா சென்டர் மென்பொருள் இருந்தது. ஓப்பன் சோர்ஸ், முகம் தெரியாத யார் யாரோ ஓசியில் எழுதிக் கொடுத்தது. அதில் ஓர் ஆட்-ஆன் சேர்த்தால் மேட்ச் லைவாக வரும். என் அறையில் ஒரே ஒரு தடவை, அதுவும் ஹாக்கி, கால் மணி நேரம் வந்திருந்தது. அந்தத் தைரியத்தில் அவர்கள் வீட்டு டெலிபோன் லைனில் வந்த பிராட்பேண்டையும் டிவியையும் லேப்டாப்போடு இணைத்தேன்.

வந்துவிட்டது! "தம்பி பெரிய ஆளுதான்" என்றார். என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி ஓவர் வரை என் மானம் பிழைத்திருந்தது. ஆறு பந்து, எட்டு ரன். பவுலர் ஓடி வந்தார், கையைத் தூக்கினார், அப்படியே நின்றுவிட்டார். திரை நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

எதையோ மூடினேன், எதையோ திறந்தேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பத்துப் பேர் என்னையே பார்க்கிறார்கள். பெண் கிடைக்காது என்றே முடிவு செய்துவிட்டேன்.

"இன்னா ஆச்சு தம்பி?"

"லைன்ல கோளாறு மாமா. எங்கயோ அறுந்து அறுந்து வருது."

அறுந்தது என்று நெசவாளியிடம் சொல்லலாமா? இழை அறுந்தால் அவர் கை சும்மா இருக்குமா? டெலிபோன் ஒயரை விரலால் நீவிக்கொண்டே ஜன்னல் வரை போனார். "தோ, இங்க நைஞ்சிகினு இருக்குது பாரு." நான் "மாமா, வேணா..." என்பதற்குள் நூல் வெட்டும் கத்தரியால் நறுக்கிவிட்டார். தறியில் பாவு நூலைப் பிணைப்பதுபோல, விரல் வழுக்காமலிருக்க நெற்றி விபூதியைத் தொட்டு, உள்ளே இருந்த இரண்டு கம்பிகளின் நாலு முனைகளையும் ஒன்றாக முறுக்கினார். முடிச்சே தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி.

"இப்ப போடு."

வட்டமும் போய்விட்டது. தெருவில் பட்டாசு வெடித்தது (ஜெயித்தாயிற்று). மாமா தன் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நீங்க கஷ்டப்பட்டு கொணாந்தீங்க. நாந்தான் ஜல்தியா வெட்டிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள."

மாப்ள! அந்த ஒரு வார்த்தைக்காக வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. தட்டு மாறியது.

இன்றும் எந்த விசேஷத்திலும் மாமா இந்தக் கதையைத் தானே சொல்லி, தன் தலையில் தானே குட்டிக்கொண்டு பந்தியைச் சிரிக்க வைக்கிறார். நானும் சிரிக்கிறேன். சோறு மட்டும் இறங்காது. கல்யாணமான மூன்றாம் நாள் என் மனைவி கேட்டது அப்படி:

"எங்கப்பா ஒயர வெட்ற வரிக்கும் நான் உள்ரூம்ல ஃப்ரெண்டுகிட்ட அதே லைன்லதான் போன் பேசிகினு இருந்தேன். லைன் நல்லாத்தான் இருந்துது. இன்னாங்க கோளாறு?"