பன்னிரண்டு பேரும் கூடும் இடம்

“வேலை இல்லாத நேரத்தில உன்ர சனமெல்லாம் எங்க போய் நிக்குது, பிள்ளை?”

முத்துலிங்கம் இப்படிக் கேட்டதும் மதுசா மடிக்கணினியை மூடப் பார்த்தாள். இரண்டு வருடமாக எல்லோரும் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய்? வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வெளியே வராது. அதை விளக்குவதற்கும் அந்தக் குரல்தானே வேண்டும்? அதனால் அவள் எவருக்கும் பதில் சொன்னதில்லை. ஆனால் அப்பாவின் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

“நெருப்பு எரியிற இடத்தில, அப்பா.”

கட்டாருக்கு வேலைக்குப் போன மாமா மகன் டிலக்சன் விட்டுச்சென்ற மடிக்கணினி அது. அதில் ஒரு விளையாட்டு இருந்தது. வெறுங்காட்டில் ஒரு குடியிருப்பை உண்டாக்கி, வந்து சேரும் சனத்துக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்தவர்கள் எங்காவது கூடிநின்று கதைப்பார்கள். கதைக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாகத் தலைக்கு மேல் வெள்ளைக் குமிழிகள் எழும். மதுசாவின் குடியிருப்பில் இருபத்தெட்டுப் பேர். மேற்பார்வைக்கென்று ஒரு தலைவர். அப்பா உப்பளத்துக்குப் போட்டுக்கொண்டு போவதைப் போலவே அவருக்கும் ஒரு நீலச் சட்டை கொடுத்திருந்தாள்.

“நெருப்பைத் தூக்கி வேற இடத்தில வைச்சா?”

“சனமும் அங்க போகும்.”

முத்துலிங்கம் தொடையில் தட்டினார். “கேட்டியா தவமணி? என்ர பிள்ளையின்ர மூளையைப் பார்!”

அவர் மனைவி தவமணி அடுக்களைக்குள் இருந்து, “நான் கறி பாக்கிறன்,” என்றாள்.

“நான் கதைக்கேக்க கையில ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்? அகப்பையை வைச்சிட்டு வா.”

அவள் வைத்துவிட்டு வந்தாள். அவர் முக்கால் மணித்தியாலம் கதைத்தார். அன்றைக்கு அவர்கள் தின்றது அடிப்பிடித்த கத்தரிக்காய்.

முத்துலிங்கம் ஹிஸ்புல்லா ஹாஜியாரின் உப்பளத்தில் கங்காணி. அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர். பாத்திகளில் உப்பு விளைந்து வெள்ளையாகக் கிடந்தது. அதை வாரி, மேட்டில் குவித்து, தென்னோலைக் கிடுகால் மூட வேண்டும். ஆனால் எப்போது பார்த்தாலும் பன்னிரண்டு பேரும் பம்ப் கொட்டிலின் நிழலில் ஒன்றாக நின்றார்கள். தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை ஹாஜியார் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போயிருந்தார். “சனிக்கிழமைக்குள்ள உப்பு மேட்டுல ஏறோணும் முத்துலிங்கம். மழ குடிச்சிட்டா எனக்கு வேற கங்காணிதான் பாக்கோணும்.”

உப்பளத்தின் ஓரத்தில் அவர்கள் இருந்த வீடு கங்காணிக்கு உரியது. வேறு கங்காணி வந்தால் வீட்டுக்கும் அவர்தான் வருவார். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, இரண்டு முகாம்களில் இருந்து, சண்டை முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கல்வீடு அது. மதுசாவுக்கு அதில் கதவு உள்ள ஓர் அறை இருந்தது. கதவு என்பது எவ்வளவு நல்ல பொருள் என்று மதுசாவைப்போல் அறிந்தவர் அந்தப் பக்கத்தில் இல்லை.

புதன்கிழமை காலை முத்துலிங்கம் தேத்தண்ணிக் கேத்திலையும் அடுப்பையும் பம்ப் கொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டுபோய், பாத்திகளுக்கு நடுவே வரம்பில் வைத்தார். 

மாலையில் திரும்பி வந்தவர் கதிரையில் விழுந்தார்.

“என்னப்பா?”

“உன்ர நெருப்பு வேலை செய்யுது பிள்ளை. கொட்டிலில ஒருத்தரும் இல்லை.”

“அப்ப நல்லந்தானே?”

“எல்லாரும் வரம்பில நிக்கினம். முந்தி நிழலிலயாவது நிண்டவை. இப்ப வெயிலுக்கு தலையில சாக்கைப் போட்டுக்கொண்டு நிக்கினம். கேத்தில் ஏன் இஞ்ச வந்தது எண்டு உப்பு வாருற நிசாந்தி கேட்டாள். முழுசா விளங்கப்படுத்தாமல் விடேலுமே? நெருப்பு, சனம், காடு எல்லாத்தையும் சொன்னன். பத்தரையாச்சுது.”

“எத்தினை பாத்தி வாரினது?” என்று தவமணி கேட்டாள்.

“ஒண்டு. ஒண்டில பாதி.”

மதுசா தன் குடியிருப்பைத் திறந்து நெருப்பை வயலுக்கு நடுவே நகர்த்திப் பார்த்தாள். உண்மைதான். சனம் வயலை மிதித்துக்கொண்டு வட்டமாக நின்றது. நடுவில் நெருப்பு. பக்கத்தில் நீலச் சட்டைக்காரர். குமிழி குமிழியாக எழும்பியது.

“சிவப்புக் கோடு போடலாம் அப்பா,” என்றாள். “கோட்டுக்குள்ள வேலைக்காரர் மட்டும்தான் போகலாம். சும்மா நிக்கேலாது.”

வியாழக்கிழமை முத்துலிங்கம் நைலோன் கயிறு ஒன்றைச் சிவப்பு மையில் தோய்த்துக் காயவைத்து, குறிஞ்சிப்பிட்டியில் இருந்து வாங்கிவந்த தடிகளில் கட்டினார். பாத்திகளைச் சுற்றி அழகான வேலி எழும்பியது. உள்ளே நின்றால் வேலை. கதைக்க வேண்டுமென்றால் வெளியே.

அன்று அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். கைகள் இரண்டும் சிவப்பாக இருந்தன.

“என்ன, ஆரையும் வெட்டிப்போட்டியளோ?” என்று தவமணி பதறினாள்.

“மை. இன்னும் காயேல்லை. தொட்டவையெல்லாம் சிவப்பு. உப்பிலயும் சிவப்பு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பன்னிரண்டு பேரும் கயித்துக்கு வெளியில நிக்கினம்.”

“ஏனப்பா வெளியில?”

“இது என்ன கயிறு எண்டு கேட்டினம். நான் வெளியில நிண்டுதானே சொல்லோணும்? கங்காணியே கயித்துக்குள்ள நிண்டு கதைச்சால் சட்டம் என்னத்துக்கு?”

“உங்கட கயித்தில சேட்டெல்லாம் தொங்குதாமே,” என்றாள் தவமணி. “பாக்கியம்மா சொன்னவள். உங்களுக்குக் கீழ வேலை செய்யிற தன்ர புருசன் உடுப்புக் காயப்போட நல்ல வசதி எண்டு சந்தோசப்பட்டவனாம்.”

முத்துலிங்கம் உள்ளே போய்ச் சவர்க்காரத்தைத் தேடினார். தேடிக்கொண்டே, நைலோன் கயிறு ஏன் மையைப் பிடிப்பதில்லை என்பதைத் தவமணிக்கு விளக்கினார். தவமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். இப்போதெல்லாம் அவள் முன்கூட்டியே அணைத்துவிடுகிறாள்.

மதுசா மறுபடியும் தன் குடியிருப்பில் தேடினாள். கோடு போட்டால் சனம் கோட்டின் ஓரத்தில் நின்றது. உட்காரும் வாங்குகளை எடுத்துவிட்டால் நிலத்தில் நின்றது. தலைவரை அரிசிக் களஞ்சியத்துக்கு மேற்பார்வைக்கு அனுப்பியபோது சனம் களஞ்சிய வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அரிசியில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அழுகை வந்தது. அறைக் கதவைப் பார்த்தாள். அதன் கொண்டி கொஞ்சம் இறுக்கம். வேறு எவராவது வந்தால் அதை எப்படித் தூக்கித் திறப்பது என்று தெரியாமல் உடைத்துவிடுவார்கள்.

“ரெண்டாப் பிரிப்பம் அப்பா,” என்றாள் கடைசியில். “ஆறு பேர் வடக்கால, ஆறு பேர் தெற்கால. தூரமா. அப்ப கூடேலாது.”

“என்ர பிள்ளை!” என்றார் முத்துலிங்கம். ஆனால் இந்தமுறை தொடையில் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை தவமணிக்குக் காய்ச்சல். சோற்றுப் பார்சலை மதுசாதான் உப்பளத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பன்னிரண்டு பேருக்கு முன்னால் நடந்து போக வேண்டும். குடையைத் தோள்வரை இறக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

வடக்குப் பாத்திகளில் எவரும் இல்லை. உப்பு வாரும் பலகைகள் ஆறும் உப்பின் மேல் வரிசையாகக் கிடந்தன. தெற்கே பன்னிரண்டு பேரும் வட்டமாக நின்றார்கள். நடுவில் அப்பாவின் நீலச் சட்டை தெரிந்தது.

“நான் வடக்கால சொன்னதைத் தெற்கால சொல்ல வந்தன்,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “ஏன் பிரிஞ்சு நிக்கோணும் எண்டதை விளங்கப்படுத்த. பாத்தால் வடக்கு ஆக்கள் எனக்குப் பின்னாலயே வந்து நிக்கினம். இப்ப நீங்கள் ஏன் வந்தனியள்?”

“நீங்க பாதியில விட்டுட்டு வந்திட்டீங்க அண்ணன்,” என்றாள் நிசாந்தி. “மிச்சத்தைக் கேக்க வேணாமா?”

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஹாஜியார் வரம்பில் இறங்கினார். ஆறு பலகைகளைப் பார்த்தார். சிவப்புப் புள்ளிகள் விழுந்த உப்பைப் பார்த்தார். வானத்தையும் ஒருமுறை பார்த்தார்.

“என்ன முத்துலிங்கம் இது? நாளைக்குச் சனிக்கிழம. என்னத்துக்கு இந்தக் கூட்டம்?”

“அதுதான் முதலாளி, அந்தக் கூட்டத்தைக் கலைக்கத்தான் மூண்டு நாளாப் பாடுபடுறன்,” என்று முத்துலிங்கம் தொடங்கினார். “முதல்ல நெருப்பு. சனம் எப்பவும் நெருப்பைத் தேடித்தான் போகும். என்ர மகள் ஒரு காட்டையே வைச்சிருக்கிறாள்…”

மதுசா குடையை இன்னும் இறக்கினாள். குடைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. பத்து நிமிடம் போயிற்று. அப்பா இப்போது கேத்திலைத் தாண்டிக் கயிற்றுக்கு வந்திருந்தார். ஹாஜியாரின் கால்கள் மெல்ல மெல்லப் பன்னிரண்டு பேரின் கால்களோடு சேர்ந்து வட்டத்தில் ஓர் ஆளாகின. அவர் கையிலிருந்த சாவிக் கொத்தையும் தலைக்கவசத்தையும் வரம்பில் வைத்துவிட்டிருந்தார்.

தூரத்தில் ஓர் இடி முழங்கியது.

ஹாஜியார் திடுக்கிட்டுத் தலைக்கவசத்தை எடுத்தார். “போதும் முத்துலிங்கம்! எனக்குக் காடு வேணாம், உப்புத்தான் வேணும். இவங்க கத அடங்காட்டி நாளைக்கு நீங்க வீட்டப் பூட்டித் துறப்பத் தந்துட்டுப் போங்க.”

முத்துலிங்கத்தின் முகம் விழுந்தது. 

“நானும் எல்லாம் செய்து பாத்திட்டன் முதலாளி,” என்றார் அவர். “நிழலில நிக்கினம், வெயிலில நிக்கினம், கயித்துக்கு வெளியில நிக்கினம். இவை எங்க கூடுறது, ஏன் கூடுறது எண்டு எனக்கு விளங்கேல்லை. நீங்களே கேளுங்கோ.”

ஹாஜியார் வட்டத்தில் வயதில் மூத்தவரைப் பார்த்தார். றஹ்மத் உம்மா. பதினொரு வருடமாக அங்கே உப்பு வாருகிறவர். வாயைத் திறப்பது அரிது.

“சொல்லுங்க உம்மா. வேலைய விட்டுப்போட்டு அப்படி என்னத்தக் கதைக்கிறீங்க?”

றஹ்மத் உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். 

“நாங்க எங்க கதைக்கிற வாப்பா? வந்த முதல் நாளே தம்பி சட்டம் போட்டாரே, ‘நான் கதைக்கக்குள்ள ஒருத்தர்ட கையிலயும் பலக இரிக்கக்கூடாது, கிட்ட வந்து நிண்டு கேக்கோணும்’ எண்டு. அதுதான் பலகையப் போட்டுட்டு நிக்கிறம். தம்பி வாய மூடினாரெண்டா இப்பவே வாரிடுவோம்.”

மதுசா குடையை உயர்த்தினாள். அப்பாவின் வாய் திறந்தது. பன்னிரண்டு பேரும் மரியாதையாக அவரை நோக்கித் திரும்பினார்கள். குனிந்து பலகையை எடுக்கப்போன நிசாந்தி அதைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

முத்துலிங்கம் வாயை மூடினார். மகளின் கையிலிருந்த சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு, கயிற்றைக் குனிந்து கடந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் பம்ப் கொட்டிலைத் தாண்டுவதற்குள் பன்னிரண்டு பலகைகளும் உப்பில் இறங்கிய சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.