சர்வேயர் போட்ட மரத்தரை

படுக்கையறைக்கு மரத்தரை போடப்போவதாகச் சர்வேயர் ஒரு சனிக்கிழமை காலையில் அறிவித்தார். அறிவித்தார் என்றால் சும்மா இல்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். கேட்பதற்கு வீட்டில் இருந்தது ஒரே ஒரு மனைவி.

"இருக்கற தரைக்கு என்ன கேடு?"

"குளிருது. காலெல்லாம் விறைச்சுப்போகுது."

"செருப்புப் போட்டுக்கோங்க."

"உனக்கு ரசனையே கிடையாதும்மா!"

கால் விறைத்தது சுத்தப் பொய். நிஜக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நமக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

மனைவியின் தம்பிக்குத் தச்சு வேலை. அக்காமேல் உயிர். அக்காவுக்காகப் பார்த்துப் பார்த்து ஒரு புத்தக அலமாரி செய்துகொடுத்தான். அதைப் படுக்கையறை மூலையில் வைத்த நாள் முதல் ஒரு சங்கடம். வலது கதவை மூடினால், மூடிய கை திரும்புவதற்குள் திறந்துகொள்ளும். போன வருஷம் மாமனார் வீட்டு விருந்தில் பதினாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சபையைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று சர்வேயருக்கு நாக்கு அரித்தது.

"நம்ம மச்சான் செஞ்ச அலமாரிக்குச் சாவியே வேண்டாம். கதவே வந்து வாங்க வாங்கன்னு கூப்பிடும்!"

சபையே சிரித்தது. மச்சினன் மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினான். அன்றைக்குப் போனவன்தான், அப்புறம் அக்கா வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. அக்காவும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் தம்பியோடு போனில் பேசும்போதெல்லாம் பால்கனிக்குப் போய்ப் பேசினாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டில் யாரும் இல்லாத ஒருநாள், சர்வேயர் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். அலமாரி நிற்கிற மூலை ஒரு விரல் கனத்துக்குப் பள்ளம்! அலமாரியில் ஒரு குறையும் இல்லை. ஊர் நிலத்தையெல்லாம் அளந்து கொடுக்கிறவர், தன் கட்டிலுக்குப் பக்கத்தில் பள்ளம் இருப்பது தெரியாமல் பதினெட்டு வருஷம் குறட்டை விட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே போன் போட்டு, "மச்சான், தப்பு என்மேலதான்" என்று சொல்லியிருக்கலாம். போனை எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். எட்டு மாசம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் இந்த மகா யோசனை உதித்தது. பள்ளத்தை நிரவி மேலே மரத்தைப் போட்டுவிட்டால் அலமாரிக் கதவு தானாகச் சரியாகிவிடும். "நாளாக நாளாகச் சரியாயிடுச்சு பாரு" என்று பூசி மெழுகிவிடலாம். மன்னிப்பு என்ற பேச்சே எழாது.

கடையில் ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி. கடைக்காரர் பொறுமைசாலி.

"இது இன்ஜினியர்டு வுட் சார். அடியில ப்ளைவுட் அடுக்கு. மேல மட்டும் அசல் மரம். முழு மரம் மாதிரி ஈரத்துக்கும் சூட்டுக்கும் அவ்வளவா நெளியாது."

"அதாவது மேலுக்கு அசல், உள்ளுக்குள்ள ஒட்டு," என்றார் சர்வேயர், நிபுணர் குரலில்.

"சில பெரிய மனுஷங்க மாதிரி," என்றாள் மனைவி.

அடுத்து நிறத் தகராறு. அவளுக்குப் பிடித்தது வெளிர் நிற ஓக். அவர் கரும்பழுப்பு வால்நட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் நல்லது. என்ன கறை பட்டாலும் தெரியாது."

"அதனாலதான் எனக்கு வேண்டாம்ங்கறேன்."

வால்நட்தான் வாங்கினார்கள். கடைக்காரர் கேட்டார்: "போடறதுக்கு ஆள் அனுப்பட்டுமா சார்?"

மனைவி மெதுவாக, "என் தம்பிக்கு இதான் வேலை. ஒரு போன் பண்ணா..."

"நானே போடறேன்!" என்று கத்தினார் சர்வேயர். கடையில் இருந்த இன்னொரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"தாராளமா போடுங்க சார். இந்தத் தாளை மட்டும் ஒரு தடவை படிச்சிட்டு ஆரம்பிங்க."

"நான் ஊரையே அளக்கறவன்யா!"

நீட்டிய கையோடு நின்ற கடைக்காரரிடமிருந்து மனைவி அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று இன்னமும் நம்புகிற அப்பாவி நம் சர்வேயர்.

அடுத்த வாரம் புத்தக அலமாரியும் கட்டிலும் ஹாலுக்குப் போயின. சனிக்கிழமை அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பள்ளத்தில் கலவையை ஊற்றிச் சமன்செய்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பலகைகளோடு உள்ளே போனார்.

"நானும் வந்து கூடமாட ஒத்தாசை பண்ணட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். நான் கூப்பிடற வரைக்கும் இந்தக் கதவைத் தொடக்கூடாது."

கதவோரம் ஆரம்பித்து ஜன்னல்வரை வரிவரியாகப் போட்டார். பலகைகளை ஒன்றோடொன்று மாட்டினாலே போதும். சர்வேயருக்கு அது போதவில்லை. உறுதிக்காக ஒவ்வொரு இணைப்பிலும் பசையை வேறு தடவினார். பதினோரு மணிக்கு வேலை முடிந்தது. ரசமட்டத்தை வைத்தார். நீர்க்குமிழி நட்டநடுவில் நின்றது. நெஞ்சு நிமிர்ந்தது. காலையிலிருந்து குடித்த மூன்று சொம்புத் தண்ணீரும் ஞாபகம் வந்தது. கைப்பிடியைத் திருப்பிக் கதவை உள்பக்கமாக இழுத்தார்.

டொக்.

குனிந்து பார்த்தார். கதவின் அடிவிளிம்பு, புதுத் தரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நீளம் அளந்தார், அகலம் அளந்தார். தரை உயரும் என்பதைத்தான் மறந்துபோனார்.

"ஏம்மா!"

"முடிஞ்சுதாங்க?"

"அமோகமா வந்திருக்கு. கதவைக் கொஞ்சம் தள்ளேன்."

"தொடக்கூடாதுன்னீங்க?"

"இப்ப தொடலாம்."

அவள் தள்ளினாள். டொக்.

"தாழ்ப்பாள் போட்டிருக்கீங்களா?"

"இல்ல. கதவு லேசா... தயங்குது."

"ரெண்டு பலகையைக் கழட்டுங்களேன்."

"பசை போட்டுட்டேன்."

"பசையே தேவையில்லன்னு தாள்ல போட்டிருக்கே! முதல்ல கதவோட அடியை அறுங்க, அப்புறம் தரையைப் போடுங்கன்னும் போட்டிருக்கு."

"நீ படிச்சியா? பாவி, ஏன் சொல்லல?"

"உள்ள வராதேன்னு நீங்கதானே சொன்னீங்க!"

சர்வேயர் ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றார். கழிவறை வெளியே, பத்தடி தூரத்தில் இருந்தது.

"சரி, யாராவது ஒரு தச்சரைக் கூப்பிடு. உன் தம்பியைத் தவிர யாரா இருந்தாலும் சரி."

"வணக்கம் மாமா," என்று கதவின் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சர்வேயருக்கு உடம்பெல்லாம் கூசியது. வருஷத்துக்கும் மேலாக ஒளிந்து திரிந்தவர், ஒளிவதற்கு இடமே இல்லாத காலி அறையில் மாட்டிக்கொண்டார். முட்டி போட்டு, அப்புறம் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தார்.

"மச்சான்... எப்ப வந்தே?"

"பத்து மணிக்கே வந்துட்டேன் மாமா. அக்கா டிபன் குடுத்துச்சு. பயப்படாதீங்க, இந்தப் பக்கத்துல இருந்தே அடியை அறுத்துடலாம். பத்தே நிமிஷம். மூச்சு முட்டுதா? ஜன்னலைத் திறந்துக்கோங்க."

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சர்வேயர் தாங்கியிருப்பார். இந்த அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை.

"அறு மச்சான், சீக்கிரம் அறு."

"அறுப்பான்," என்றாள் மனைவி. "அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் புத்தக அலமாரி ஹாலுக்கு வந்ததுல இருந்து, கதவை மூடினா மூடினபடியே இருக்கே. ஏங்க?"

"ஹால் தரை ஒருவேளை சாய்வா இருக்கும்."

"அப்ப அறைத் தரை?"

"அதுவும் லேசா..."

"வீடே சாய்வுன்னா, வீட்டுல சர்வேயர் எதுக்கு?"

வெளியே வாள் அசையவில்லை. உள்ளே மூன்று சொம்புத் தண்ணீர் அசைந்தது. ஆனால் அவர் வாய் திறந்தது அதற்காக மட்டும் இல்லை. இந்தப் பையனை எட்டு மாசமாகக் குற்றவாளியாகவே விட்டுவைத்தோமே என்று வெட்கமாகிவிட்டது. அதற்குமேல் உண்மையை மறைக்க முடியவில்லை.

"மச்சான், உன் அலமாரியில ஒரு குத்தமும் இல்ல. தரையிலதான் பள்ளம். எட்டு மாசத்துக்கு முன்னாடியே அளந்து பார்த்துட்டேன். தெரிஞ்சும் சொல்லல. அத்தனை பேர் நடுவுல உன்னை வச்சுச் சிரிச்சேன். அதை ஒத்துக்க எனக்கு வாய் வரல. இந்தத் தரையைப் போட்டதே அந்தப் பள்ளத்தை மறைக்கத்தான். என்னை மன்னிச்சிடுப்பா."

வெளியே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வாள் ஓடத் தொடங்கியது.

கதவு திறந்ததும் சர்வேயர் நேராகக் கழிவறைக்கு ஓடினார். திரும்பி வந்து மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டார். மீசையெல்லாம் மரத்தூள், கண்ணெல்லாம் ஈரம்.

"மச்சான், இது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும். உங்க அப்பாவுக்கு மட்டும் தெரியவேண்டாம்."

மச்சினன் சங்கடத்தோடு அக்காவைப் பார்த்தான். அக்கா போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்குச் சாப்பிட உட்கார்ந்தவங்க எல்லாரும் லைன்லதாங்க இருக்காங்க. பெரியப்பாவுக்கு மட்டும்தான் சிக்னல் கிடைக்கல."

போனுக்குள்ளிருந்து மாமனாரின் குரல் கணீரென்று வந்தது:

"மாப்ளே, நடுவுல யாரோ இருமிட்டாங்க, சரியா கேக்கல. அந்தப் பள்ளத்துல இருந்து இன்னொரு தடவை சொல்லுங்க."